நான்காவது விஷயம் முடித்துவைக்கப்பட்டது

லோங்ட்ரெஸ்க்,
மார்ச் 14, சனிக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்கா சிங்னே அவர்களுக்கு,

உன் தம்பி அல்கோட் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம், இடது முழங்கால் நீங்கலாக. நீயும் அத்தானும் உப்சாலாவில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே பனி உருகத் தொடங்கியிருக்கும். இங்கே சமையலறைச் சன்னலின் பாதி வரை நிற்கிறது. அஞ்சல் பெட்டியை நேற்றுதான் தோண்டி எடுத்தேன். "அவர்களுக்கு" என்று போட்டிருப்பதைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும், இவன் ஏதோ உதவி கேட்கப்போகிறான் என்று. கேட்கத்தான் போகிறேன். ஜூன் மாதத்திலிருந்து உன் வீட்டுப் பின்னறை எனக்கு வேண்டும். வேலையை விட்டுவிடப் போகிறேன், வீட்டை விற்கப் போகிறேன். மாடி அறைக்கென்று நாலு வருஷத்துக்கு முன்னால் நீ தைத்துக் கொடுத்த மஞ்சள் திரைச்சீலைகளைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். ஒருநாள்கூட மாட்டவில்லை, மடிப்புக் கலையாமல் இருக்கின்றன.

போன கடிதத்தில் எட்டுப் பக்கம் எழுதி, அதில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: எல்னாவிடம் கேட்டாயா இல்லையா என்று. கேட்டாகிவிட்டது அக்கா. ஆனால் கேட்டது நான் இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பேனாவால் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் நான் பாதி வாக்கியம் எழுதுவதற்குள் மீதியை அதுவே எழுதிவிடுகிறது. "அன்புள்ள அக்கா" என்று ஆரம்பித்தால் "தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்று முடித்துவைக்கிறது.

எல்னாவை நீ பார்த்ததில்லை, ஆனால் என் கடிதங்களில் அவளைப் பற்றிப் பதினோரு வருஷமாகப் படித்துவருகிறாய். எந்தப் பனிவண்டி எந்தச் சாலையில் பனியைத் தள்ளவேண்டும் என்று வகுக்கிற வேலை அவளுக்கு. அந்த வண்டிகள் ஓடுகிற நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை எனக்கு. நகராட்சிக் கட்டடத்தில் அவள், நாற்பது கிலோமீட்டர் காட்டுக்குள்ளே பட்டறையில் நான். மணவாழ்க்கை முறிந்த பிறகு மால்மோவிலிருந்து ஒரு பெட்டியோடும் மெல்லிய கோட்டோடும் வந்து இறங்கியவள். முதல் வாரக் கூட்டத்திலேயே எங்களைப் பார்த்து, "ஏன்ப்பா, இந்த ஊர்ல எல்லாரும் ஈயை முழுங்குறீங்களா?" என்று கேட்டாள். விஷயம் என்னவென்றால், நம் பக்கத்து ஆமாம். நீ தெற்கே போய் முப்பது வருஷமானாலும் மறந்திருக்க மாட்டாய், உதட்டைக் குவித்து, குழாயில் காற்று ஏறுவதுபோல "ஷூப்" என்று ஒரு சின்ன மூச்சை உள்ளே இழுப்போமே, அவ்வளவுதான், அதுவே ஆமாம், சரி, ஒப்புக்கொண்டேன், எல்லாம். கல்யாணத்தில் பாதிரியாருக்கு அப்பா அப்படித்தான் பதில் சொன்னதாக அம்மா கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். எல்னா மட்டும் மால்மோக்காரர்களுக்கே உரிய கனத்த குரலில், மேசை அதிர "ஆமாம்" என்பாள். அவள் ஆமாம் சொன்னால் பக்கத்து அறையில் இருப்பவரும் ஒப்புக்கொள்வார்.

அக்டோபரில் "ஸ்வாரா" வந்தது. போன், மின்னஞ்சல், கூட்டம், அரட்டை எல்லாவற்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்ட கம்ப்யூட்டர் ஏற்பாடு. சொல்லித்தர ஸ்டாக்ஹோமிலிருந்து ஒருவர் வந்தார், வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு. இனிமேல் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு பொட்டு இருக்குமாம். பச்சைப் பொட்டு என்றால் ஆள் இருக்கிறார், மஞ்சள் என்றால் எழுந்து போய்விட்டார், சிவப்பு என்றால் தொந்தரவு செய்யக்கூடாது. ஐந்து நிமிஷம் கம்ப்யூட்டரைத் தொடாவிட்டால் மஞ்சள் ஆகிவிடும். நான் நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பவன். டிசம்பரில் எங்கள் மேலாளர் லோவிசா கூப்பிட்டாள். நல்ல பெண், முப்பத்திரண்டு வயது, எல்லாவற்றையும் நல்லபடியாக நடத்தவேண்டும் என்று கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்துவிட்டது அவளுக்கு. "அல்கோட், தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க அக்டோபர்லேருந்து வேலைக்கே வரலைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு," என்றாள். "நேத்து உன் வண்டிக்கு பிரேக் சரிபண்ணிக் குடுத்தேனேம்மா," என்றேன். "அது எனக்குத் தெரியுது, அதுக்குத் தெரியலையே," என்றாள் பாவம்.

பிப்ரவரியில் நடந்தது இதைவிடப் பெரிசு. புதன்கிழமைக் கூட்டம், பெரிய பனி வருகிறது என்று தெரியும். "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எல்லா வண்டியும் கிளம்பலாமா?" என்று லோவிசா கேட்டாள். எல்னா அன்றைக்கு விடுப்பு. மீதிப் பதினோரு பேரும் "ஷூப்". கூட்டம் முடிந்தது, எல்லாரும் காப்பிக்குப் போனோம். ஸ்வாரா குறிப்பு எழுதியது: "பதினோரு பேர் கலந்துகொண்டனர். ஒருவரும் சம்மதிக்கவில்லை. வண்டிகள் கிளம்பா." எழுதியதோடு நிற்கவில்லை, ஓட்டுநர்கள் எல்லாருக்கும் நாளைக்கு வரவேண்டாம் என்று தானே செய்தி அனுப்பிவிட்டது. விடிந்தபோது நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் பனி. பள்ளிப் பேருந்து தேவாலயத்துக்கு எதிரே புதைந்து நிற்கிறது, லோவிசா பனிச்சறுக்குக் கட்டைகளில் ஆபீசுக்கு வருகிறாள். மூத்த ஓட்டுநர் ரூனேயைக் கூப்பிட்டு ஏனய்யா வரவில்லை என்று கேட்டதற்கு, "இருபத்தாறு வருஷத்துல மொதத் தடவையா தூங்கச் சொல்லி ஆர்டர் வருது. அதைப் போயி ஏன் எதுக்குன்னு கேப்பாங்களா?" என்றான். அடுத்த வாரம் நகராட்சி நர்ஸ் ஒருத்தி கருவிப் பெட்டியோடு வந்தாள். இந்தத் துறையில் பதினோரு பேருக்கு ஒரே சமயத்தில் மூச்சுத்திணறல் என்று ஸ்வாரா புகார் கொடுத்திருந்ததாம். வரிசையில் நிற்கவைத்து நெஞ்சைப் பார்த்தாள். அவளும் நம் பக்கத்துப் பெண்தான், விஷயத்தைச் சொன்னதும் "ஷூப்" என்று கேட்டுக்கொண்டு, கொடுத்த பன்னைத் தின்றுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு லோவிசா உத்தரவு போட்டாள், கூட்டத்தில் எல்லாரும் வாயைத் திறந்து ஆமாம் சொல்லவேண்டும் என்று. சொல்லிப் பழகினோம். ரூனே ஒவ்வொரு தடவையும் வெட்கப்பட்டுக் காது சிவந்து சொன்னான். ஸ்வாரா மாதாமாதம் மதிப்பெண் போடுகிறது அக்கா, தெளிவாகச் சம்மதம் சொல்கிறவர்கள் யார் என்று. எல்னாவுக்குத் தொண்ணூற்றேழு, எனக்குப் பன்னிரண்டு. அந்தத் தாளை அவள் எனக்கு அனுப்பி, "பாத்துக் கத்துக்கய்யா" என்று எழுதியிருந்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்னா சம்மதம் சொல்லி அது காதில் விழாமல் போக வழியே இல்லை என்று உனக்கும் தெரியவேண்டும்.

எங்கள் வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். வாராவாரம் காலை ஒன்பது மணிக்கு அவளும் நானும் மட்டும் பேசுகிற கூட்டம். எந்த வண்டிக்குச் சங்கிலி வேண்டும், எதன் பனி தள்ளும் தகடு தேய்ந்துவிட்டது என்று பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு இரண்டு பேரும் போனை வைப்பதில்லை. அவள் அங்கே காப்பி ஊற்றிக்கொள்வாள், நான் இங்கே. நம் ஊர்ப் பாலாடைக் கட்டியைக் காப்பியில் போடுவதைப் பார்த்து முதலில் முகம் சுளித்தவள், மூன்றாம் வருஷம் தானே வாங்க ஆரம்பித்தாள். அது காப்பிக்குள் விழுகிற சத்தம் எனக்குக் கேட்கும். இருபது நிமிஷம் இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டோம். வாரத்தில் மற்ற நேரமெல்லாம் பட்டறையிலும் சத்தம் இல்லாமல் இருக்கும், வீட்டிலும் சத்தம் இல்லாமல் இருக்கும். அந்த இருபது நிமிஷம் மட்டும் வேறு மாதிரி. எனக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, உனக்குப் புரியும். ஸ்வாரா வந்த முதல் வியாழக்கிழமை, தொண்ணூறு விநாடி மௌனத்துக்குப் பிறகு நடுவில் ஸ்வாராவின் பெண் குரல், "கூட்டம் முடிந்துவிட்டதா?" என்று கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில், "இல்லை" என்றோம். அன்றைக்குச் சாயங்காலம்தான் திரைச்சீலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

பிறகு மால்மோவிலிருந்து அவளுக்கு ஓலை வந்தது. அங்கே நகராட்சியில் இதே வேலை, கடல் பார்த்த அறை, பனி கிடையாது. மார்ச் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். அதை ஒரு வியாழக்கிழமை சொன்னாள். "என்னய்யா சொல்ற?" என்று கேட்டாள். "நல்ல வேலைதான்," என்றேன். அக்கா, என்னைத் திட்டாதே, நானே போதுமான அளவு திட்டிக்கொண்டாகிவிட்டது.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிற என் குறிப்பேட்டில் நாலு வருஷமாக ஒரு வரி இருக்கிறது, "எல்னாவிடம் கேட்க" என்று. வாரக் கடைசியில் செய்யாத வேலைகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பேன், அதுவும் தள்ளிப் போகும். மால்மோ விஷயம் தெரிந்த பிறகு கேட்கவேண்டியதை அதிலேயே முழுதாக எழுதிப் பார்த்தேன், மனப்பாடம் பண்ணலாம் என்று. ஸ்வாரா வந்தபோது பழைய குறிப்பேடுகளையெல்லாம் அதற்குள் ஏற்றிவிட்டிருந்தார்கள். நான் எழுதுவது அத்தனையும் அதற்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியவில்லை.

இந்த மாத ஆரம்பத்தில் வெள்ளை ஷூக்காரர் மறுபடி வந்தார். இனிமேல் கூட்டத்துக்கு வரமுடியாதவர்களுக்குப் பதிலாள் உண்டாம். நம் முகம், நம் குரல், நாம் சொல்லவேண்டியதை அதுவே சொல்லும். இன்னும் மூன்று வருஷத்தில் பதிலாட்களே ஒருவரோடொருவர் கூடிப் பேசி முடிவை நமக்கு அனுப்பிவிடுவார்களாம், யாரும் யாரோடும் பேசவேண்டிய அவசியமே இருக்காதாம். "அப்போ நாங்க என்ன பண்றது?" என்று ரூனே கேட்டான். "உங்க வேலையை நிம்மதியா பாக்கலாம்," என்றார். ரூனே யோசித்துவிட்டு, "காப்பி?" என்று கேட்டான். அதற்கு மட்டும் திரையில் போட்டுக்காட்ட அவரிடம் படம் இல்லை.

போன வியாழக்கிழமை, அதாவது முந்தாநாள், ஒன்பது மணிக்குப் பல் டாக்டர். மூன்று மாதமாகக் காத்திருந்து கிடைத்த நேரம். லோவிசாவிடம் கூட்டத்தைத் தள்ளிவைக்கிறேன் என்றேன். "எதுக்குத் தள்ளணும், பதிலாளை அனுப்புங்க அல்கோட். நம்ம துறையில யாருமே இன்னும் அதைத் தொடலை, மேலேருந்து கேக்குறாங்க. குறிப்பேட்டைத் திறந்து விடுங்க போதும், தேவையானதை அதுவே எடுத்துக்கும்," என்றாள். அந்தக் கருவளையத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. திறந்துவிட்டுப் போனேன்.

பாதி வாய் மரத்துப்போய், எச்சில் வடிவது தெரியாமல் டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும்போது போனில் கூட்டக் குறிப்பு வந்தது. முதல் மூன்று விஷயம் சங்கிலி, தகடு, எண்ணெய். நான்காவதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "விஷயம் 4 (நான்கு ஆண்டுகளாக நிலுவை). திரு. அல்கோட் தெரிவித்தது: எல்னா, நீ தெற்கே போகாமல் என் வீட்டுக்கே வந்துவிட்டால் என்ன. மாடி அறையில் காலை வெயில் நன்றாக விழும். குளிர்காலத்து டயர்களை வருஷாவருஷம் நானே மாற்றிவிடுகிறேன், நீ குனியவே வேண்டாம். எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். பதில்: பெறப்படவில்லை. மேல்நடவடிக்கை: இல்லை. விஷயம் முடித்துவைக்கப்பட்டது."

தொண்ணூற்றேழு மதிப்பெண் வாங்கியவள் அக்கா. அவளிடமிருந்து பதில் பெறப்படவில்லை.

அவள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. ஒரு யந்திரம் நாலு வருஷத்துப் பாக்கியை எண்ணெய்க்கும் டயருக்கும் நடுவில் வைத்துக் கேட்டால் யார்தான் என்ன சொல்வார்கள். வாயடைத்துப் போயிருப்பாள், மனசு நோகாமல் மறுப்பது எப்படி என்று யோசித்திருப்பாள், அதற்குள் அது முடித்துவைத்துவிட்டது. என் பொட்டைச் சிவப்பாக்கிவிட்டு, போனை அணைத்துச் சமையலறை மேசை டிராயரில் போட்டுவிட்டேன். நேற்றிலிருந்து விடுப்பு. இனி வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அவள் மால்மோவுக்குப் போகட்டும், நன்றாக இருக்கட்டும். நான் உன் பின்னறைக்கு வருகிறேன். அத்தானின் கதவுக் கீலையெல்லாம் சரிபண்ணித் தருகிறேன். அதிகம் பேசமாட்டேன் என்று உனக்கே தெரியும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசி, சளி பிடிக்காமல் எல்லாரும் கோடையைப் பார்க்கவேண்டும். உன் மூட்டுவலி இந்த வசந்தத்தோடு விலகட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
அல்கோட்.

பின்குறிப்பு: கடிதத்தை உறைக்குள் போட்டு ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது, அதனால் கிழிக்க மனசு வராமல் பிரித்து இதையும் எழுதுகிறேன். மேலே எழுதியதில் வணக்கமும் ஆசியும் மட்டும் செல்லும். மற்றதை மறந்துவிடு.

பன்னிரண்டு மணிக்கு அஞ்சல் பெட்டிக்குப் போகலாம் என்று வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வளைவில் ஒரு சிவப்புக் கார் வழுக்கி, ஆடி, என் விறகுக் குவியலை உரசிக்கொண்டு நின்றது. தேய்ந்துபோன டயரைப் பார்த்தவுடனே யார் கார் என்று தெரிந்துவிட்டது, அந்த டயரில் ஒருத்தி நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறாளே என்றுதான் முதலில் நினைத்தேன். எல்னா இறங்கினாள். மெல்லிய கோட்டு இல்லை, நம் ஊர்த் தடித்த கோட்டு.

"போன் எங்கய்யா?" என்றாள்.

"டிராயர்ல."

"ரெண்டு நாளா உன் பதிலாள்கிட்டதான் பேசிட்டிருக்கேன். நாலு தடவை கூப்பிட்டாச்சு. மரியாதையாத்தான் பேசுது. கடைசியா, உங்க பொறுமைக்கு நன்றின்னு சொல்லுச்சு. அதோட எனக்குப் பொறுமை போயிருச்சு."

"வியாழக்கிழமை கேட்டதும் அதுதான், எல்னா. நான் இல்ல."

"தெரியாதா எனக்கு? திரையில வந்த உன் முகத்துக்குத் தலை வாரியிருந்துச்சே. ஆனா அந்தக் கேள்வி உன்னோடதுதான். பாதிக்குப் பாதி டயர்." கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "கேட்டுட்டு, பதில் சொன்னப்புறம் இப்படி ஒளிஞ்சுக்கிட்டா நான் என்னன்னு நெனைக்கிறது?"

"பதில் வரலையே. பதில் பெறப்படவில்லைன்னு எழுதியிருந்துச்சு."

"நான் சொன்னேனே."

"என்ன சொன்ன?"

"இதைத்தான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தி, உதட்டைக் குவித்து, அந்தக் குளிர்ந்த காற்றில் ஒரு சின்ன மூச்சை உள்ளே இழுத்தாள். "ஷூப்."

இழுத்தவள் அப்படியே கையால் வாயை மூடிக்கொண்டாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

"நீ மால்மோக்காரியாச்சே," என்றேன். அக்கா, என் வாயில் அதுதான் வந்தது.

"பதினோரு வருஷமாச்சுய்யா," என்றாள். "ஆபீசுக்கு அந்த ஆமாம். இது தானா வந்திருச்சு." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, கண்ணிலிருந்து வந்தது கன்னத்திலேயே உறைய ஆரம்பித்தது. பனிவாரியைக் கீழே போட்டுவிட்டு நானே கேட்டேன், முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல், டயரையும் சேர்த்து. அவள் பதில் பெறப்பட்டது.

மால்மோவுக்கு அவள் வியாழக்கிழமையே மறுத்து எழுதிவிட்டாளாம். லோவிசாவிடம் திங்கட்கிழமை சொல்லவேண்டும், நான்காவது விஷயத்தைத் திறந்துவைக்கச் சொல்லி.

பின்னறையை ஒழிக்காதே. கோடையில் இரண்டு பேராக நாலு நாள் வருவோம், அது போதும். திரைச்சீலைகளும் வராது. எல்னா மாடி அறையில் நாற்காலிமேல் ஏறி அவற்றை மாட்டிக்கொண்டிருக்கிறாள். நான் கீழே சமையலறையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நேராக இருக்கிறதா என்று மேலேயிருந்து கேட்கிறாள். எழுந்து படிக்கட்டுக்கடியில் நின்று பார்த்தேன், இடது பக்கம் ஒரு விரல்கடை இறங்கியிருக்கிறது. இருக்கட்டும் என்று மூச்சை உள்ளே இழுத்தேன். அவளுக்குக் கேட்டுவிட்டது.